சொந்தக்காரர் சொல்லும் உயிர்க்கொல்லி நோய் பொய்யோ என்று சந்தேகம் வந்தால்: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

குடும்பத்தில் ஒருவர் "எனக்குக் கேன்சர், கடைசி ஸ்டேஜ்" என்கிறார். வீடே இடிந்துபோகிறது. நகை அடகுக்குப் போகிறது. சில மாதம் போன பிறகு உங்களுக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால், "சாகப் போறவனைப் போய் சந்தேகப்படுறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று உங்கள் மேலேயே பாய்வார்கள்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. சித்தி மகன், எனக்குத் தம்பி. அந்த நாட்களில் எங்கே போய் எதைக் கேட்பது, எந்தக் காகிதத்தைப் பார்ப்பது, யாரிடம் பேசுவது என்று சொல்ல ஒருவரும் இல்லை. தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியது. வேறு மாநிலம் என்றால் திட்டங்களின் பெயரும் தொகையும் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் பொய் என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. வீட்டுப் பணம் வைத்தியத்துக்குத்தான் போகிறதா என்று பார்ப்பதே வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான். நோய் உண்மையாக இருந்தால் இதே படிகளால் அவருக்கு வைத்தியம் இன்னும் ஒழுங்காக நடக்கும். பொய்யாக இருந்தால் அது தானாகவே ஒரு இடத்தில் வந்து முட்டி நிற்கும்.

1. யாரிடமும் பேசுவதற்கு முன் எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு போதும். நான்கு பத்தி: தேதி, அவர் சொன்னது, யாரிடம் சொன்னார், எவ்வளவு பணம் கைமாறியது. நீங்கள் நேரில் கேட்டதையும் பார்த்ததையும் தனியாக எழுதுங்கள். "அத்தை சொன்னாங்க, பெரியப்பா சொன்னார்" வகையறாவைத் தனியாக எழுதுங்கள். நம் குடும்பங்களில் ஒரு செய்தி மூன்று வாய் மாறினால் "கட்டி இருக்காம்" என்பது "கைவிரிச்சுட்டாங்களாம்" ஆகிவிடும். அந்தக் கூட்டலுக்கு அவர் பொறுப்பில்லை.

வாட்ஸ்ஆப் குரல் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் அழித்துவிடலாம், உங்கள் போனும் கெட்டுப்போகலாம். ஜிபே, வங்கிப் பரிமாற்றம் என்றால் ஸ்டேட்மெண்ட் எடுத்து அந்த வரிகளைக் குறித்து வையுங்கள். கையில் கொடுத்த பணம், நகை என்றால் யார் முன்னிலையில் கொடுத்தது என்று எழுதுங்கள்.

குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு வார்த்தை வேண்டாம். "எனக்கு ஒரு டவுட்" என்று தொடங்கினால் அன்று மாலைக்குள் அவருக்குப் போய்விடும். அப்புறம் நோய் உண்மையோ பொய்யோ, உறவு முறிந்தது முறிந்ததுதான்.

2. எவையெல்லாம் ஆதாரம் ஆகாது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். சந்தேகம் வந்தவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது எதற்கும் உதவாத காரணங்களைத்தான்.

"முடி கொட்டவே இல்லையே" என்பார்கள். எல்லாக் கேன்சர் மருந்துக்கும் முடி கொட்டாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாடினிப் எல்லாம் வீட்டிலிருந்தே விழுங்கும் மாத்திரைகள். அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "உடம்பு இளைக்கலை, முகம் பளபளன்னு இருக்கு" என்பார்கள். சிகிச்சையோடு ஸ்டீராய்டு கொடுத்தால் முகம் ஊதும், பசியும் எடுக்கும். "போன வாரம் கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டானே" என்பார்கள். கீமோ பலருக்கு மூன்று வாரச் சுழற்சியில் போகும். முதல் சில நாள் எழுந்திருக்கவே முடியாது. மூன்றாவது வாரம் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

மறைத்து வைப்பதும் ஆதாரம் ஆகாது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அப்பாவுக்கு இப்படி ஒரு நோய் என்று வெளியே விடவே மாட்டார்கள். ஊரை விட்டுத் தள்ளி வைத்தியம் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரிப் பெயரை மாற்றிச் சொல்வார்கள், பார்க்க வருகிறோம் என்றால் "இப்ப வேண்டாம்" என்பார்கள்.

அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. நோயாளிக்கே முழு விவரம் தெரியாமல் இருக்கலாம். டாக்டர் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும், வீட்டார் "சாதாரணக் கட்டிதான்" என்று நோயாளியிடம் சொல்வதும் நம் ஊரில் இன்றும் சகஜம். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று சொல்வார். உளறுகிறார் என்று தோன்றும். பொய் சொல்வது வேறு யாராகவோ இருப்பார்கள், அதுவும் அவர் நன்மைக்காக.

தவறாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் "சந்தேகத்துக்குரிய கட்டி" என்று ஒரு வரி இருந்தால் போதும், தனக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று நம்பிவிடுவார்கள். இன்னும் சிலர் போலி வைத்தியரிடம் மாட்டியிருப்பார்கள். மருந்து என்று பொடியும் எண்ணெயும் கொடுத்துப் பணம் பிடுங்குகிற ஆளிடம் பில்லும் இருக்காது, ரிப்போர்ட்டும் இருக்காது. அங்கே உங்கள் சொந்தக்காரர் ஏமாற்றுகிறவர் இல்லை, ஏமாந்தவர்.

3. எவை உறுத்த வேண்டும்

மேலே சொன்னவற்றை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்த பிறகும் இவை மிச்சம் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

நோய் மோசமாகும் ஒவ்வொரு முறையும் பணம் கேட்கும் தேதியோடு ஒத்துப்போவது. மனைவி உட்பட யாரும் ஒருமுறைகூட அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது. யாராவது வருகிறேன் என்றால் ஆஸ்பத்திரியோ ஊரோ மாறுவது. இலவசமாக வைத்தியம் கிடைக்கும் வழியைக் காட்டினால் கோபப்படுவது, ரொக்கம் என்றால் மட்டும் சமாதானமாவது. சிகிச்சை விவரம் கேட்டால் டிவி சீரியலில் வருகிற மாதிரி வெறும் "ரத்தம் மாத்துறாங்க" என்பது.

சிகிச்சை நடைமுறை கொஞ்சம் தெரிந்திருந்தால் பேச்சில் இடறும் இடங்கள் தெரியும். வெளிப்புறக் கதிர்வீச்சு பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், பல வாரங்களுக்கு நடக்கும். மாதம் ஒருநாள் போய்விட்டு வருவது வழக்கமில்லை. கீமோ ஏற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். அணுக்கள் குறைவாக இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். பெட் ஸ்கேனுக்குச் சில மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும், எடுத்த அன்று சின்னக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்கச் சொல்லுவார்கள். கிட்னி செயலிழப்பு, டயாலிசிஸ் என்று சொல்பவர் என்றால், வழக்கமாக வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல ஆகும். தொடர்ந்து செய்பவர்களுக்குக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்ட தழும்போ கழுத்தில் குழாயோ இருக்கும்.

இவை எதுவும் தனியாகத் தீர்ப்பு ஆகாது. மூன்று நான்கு சேர்ந்து வந்தால் யோசியுங்கள்.

4. காகிதங்கள்: எவை இருக்கும், எதைப் பார்க்க வேண்டும்

உண்மையான கேன்சர் நோயாளி வீட்டில் கட்டைப்பை நிறையக் காகிதம் இருக்கும். ஒரே ஒரு தாளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறவரிடம் மீதி எங்கே என்று கேட்பதில் தப்பில்லை.

பதிவு எண்: எந்த ஆஸ்பத்திரியிலும் முதல் நாளே ஒரு நோயாளி எண் கொடுப்பார்கள். ஓபி சீட்டு, பில், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றிலும் அதே எண் வரும். தாளுக்குத் தாள் எண் மாறினால் கேள்வி கேட்கலாம்.

பயாப்சி ரிப்போர்ட்: கேன்சர் என்று உறுதி செய்வது பெரும்பாலும் இதுதான். சதைத் துணுக்கு எங்கிருந்து எடுத்தது, லேபுக்கு வந்த தேதி, ரிப்போர்ட் கொடுத்த தேதி, லேப் எண், பேத்தாலஜிஸ்ட் பெயர், கையெழுத்து இருக்கும். எடுத்த மறுநாளே வருவது அபூர்வம். சில நாட்கள் ஆகும், கூடுதல் பரிசோதனை கேட்டால் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். விதிவிலக்குகள் உண்டு: ஈரல் புற்றுநோயைச் சில சமயம் ஸ்கேனை வைத்தே முடிவு செய்வார்கள்; மூளையில் ஆபத்தான இடத்தில் கட்டி இருந்தால் துணுக்கு எடுக்காமலும் விடுவார்கள்; ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ஆகவே "பயாப்சி இல்லை, அதனால் பொய்" என்று குதிக்க வேண்டாம்.

கீமோ குறிப்பு: ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது சுற்று, அடுத்து வரவேண்டிய தேதி எழுதிய தாள் கொடுப்பார்கள். அடுத்த தேதி அச்சாகியிருக்கும் என்பது உங்களுக்கு ஆறாவது படியில் உதவும்.

பில்: மருந்துக் கடை பில்லில் கடையின் உரிம எண், ஜிஎஸ்டி எண், மருந்தின் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். கடைக்கு ஒரு போன் போட்டால் அந்தக் கடை இருக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

டாக்டர்: மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. பல லேப்களின் ரிப்போர்ட்டில் கியூஆர் கோடும் இருக்கும். ஸ்கேன் செய்தால் மூல ரிப்போர்ட்டே திறக்கும். கோடு வெட்டப்பட்ட போட்டோ வந்தால் முழுத்தாளையும் அனுப்பச் சொல்லுங்கள்.

எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் பெயர், வயது எல்லாம் தம்பியுடையது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். பெயர் இருந்த வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. பக்கத்திலேயே பாலினம் என்ற கட்டத்தில் "பெண்" என்று இருந்தது. லேபிலும் தட்டச்சுப் பிழை வரும் என்பதால் அதோடு நாங்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாமா பணம் அனுப்புவதை நிறுத்தி வைத்தார்.

எப்படிக் கேட்பது? "காட்டு" என்று கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். "தம்பி, இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு ஒபீனியன் கேட்டுப் பார்ப்போம்டா. ஃபைலை அப்படியே எடுத்துக்கிட்டு வா, நானும் வர்றேன்" என்று கேளுங்கள். இது நடிப்பு இல்லை. இவ்வளவு பெரிய நோய்க்கு இரண்டாவது கருத்து கேட்பது நல்ல வழக்கமே. பயாப்சி செய்த லேபில் சதைத் துணுக்கை வைத்த கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டியும் பாதுகாத்து வைத்திருப்பார்கள். நோயாளி எழுதிக் கேட்டால் வாங்கிக்கொண்டு போய் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் மறுபரிசீலனைக்குக் கொடுக்கலாம். தனியாரில் டாக்டர் கட்டணம் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம். மறுபடி பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னால்தான் செலவு எகிறும்: 10,000 முதல் 25,000 ரூபாய் வரை இடத்துக்கு இடம் மாறும். பழைய ஸ்கேனின் சிடி இருந்தால் முதலில் அதையே காட்டுங்கள்.

உண்மையான நோயாளிக்கு இந்த யோசனை ஒரு நம்பிக்கை. "எந்த டாக்டர்? எப்போ போகலாம்?" என்று திருப்பிக் கேட்பார்.

5. ஆஸ்பத்திரியில் நீங்களாகப் போய் விசாரிக்காதீர்கள்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் "இந்தப் பெயரில் நோயாளி இருக்கிறாரா?" என்று கேட்டுவிடலாம். சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடுவது தொழில் ஒழுங்கு மீறல். நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்கள்தான் விலக்கு. கூடப் பிறந்தவர் என்றாலும் அதே பதில்தான்.

அதே விதிகள் நோயாளிக்கு ஒரு உரிமையும் தருகின்றன. நோயாளியோ அவர் எழுதிக்கொடுத்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும்; உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆகவே "ஃபைல் தொலைஞ்சுபோச்சு", "ஆஸ்பத்திரியிலயே வாங்கி வச்சுக்கிட்டாங்க" என்ற பதில் வந்தால், "பரவாயில்லை, ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு, நான் போய் நகல் வாங்கி வர்றேன்" என்று சொல்லலாம். நகல் எடுக்கச் சிறிய கட்டணம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

தெரிந்த நர்ஸ், லேப் பையன் மூலமாகக் கம்ப்யூட்டரில் எட்டிப்பார்க்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். அவர்கள் வேலைக்கு உலை வைப்பீர்கள். அப்படிக் கிடைத்த தகவலை எங்கேயும் வெளிப்படையாகச் சொல்லவும் முடியாது.

6. கூடப் போங்கள்

காகிதத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் இந்தப் படியிலிருந்தே தொடங்கலாம். கீமோ என்றால் பாதி நாள் முதல் முழு நாள் வரை ஆகும், கூட ஒரு ஆள் இருக்கச் சொல்லித்தான் பெரும்பாலான இடங்களில் கேட்பார்கள். அடுத்த தேதி எது என்று கேட்டு, "அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன், கார் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். ஒருமுறை மறுத்தால் வெட்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஆளை, அவருக்குப் பிடித்த நண்பரையோ மச்சானையோ அனுப்பிப் பாருங்கள். எல்லாரையும் எப்போதும் மறுத்தால், கடைசி நிமிஷத்தில் தேதி மாறிக்கொண்டே இருந்தால், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்தொடர்ந்து போய் ஒளிந்து பார்ப்பது, போனை எடுத்துத் துழாவுவது இரண்டும் வேண்டாம். ஊரில் பார்த்துவிட்டால் உங்கள் பேச்சு அதன்பிறகு எடுபடாது.

7. பணத்தின் பாதையை மாற்றுங்கள்

எனக்குக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் முக்கியம். சந்தேகமே இல்லாத வீட்டிலும் இப்படிச் செய்வதுதான் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து வைத்திய உதவி கிடைத்தாலும் நோயாளி கையில் தருவதில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். அதே முறையை நாமும் வைத்துக்கொண்டால் அது அவமானம் ஆகாது.

ரொக்கம் வேண்டாம், அவர் ஜிபே எண்ணுக்கும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எஸ்டிமேட் என்று கேட்டால் என்ன சிகிச்சை, எவ்வளவு ஆகும் என்று லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு தருவார்கள். அதை வாங்கச் சொல்லுங்கள். பணத்தை நோயாளி எண்ணைச் சொல்லி ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நீங்களே கட்டுங்கள்; பல தனியார் ஆஸ்பத்திரிகளில் இணையத்திலேயே கட்டலாம். எண் பொய் என்றால் அங்கேயே நின்றுவிடும், உங்களுக்கு யாரும் ரகசியம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இதிலும் பொறிகள் உண்டு. முன்பணத்தில் மீதி இருந்தால் திருப்பித் தருவார்கள்; அதற்கு அசல் ரசீது கேட்பார்கள் என்பதால் ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்கிக் கொடுத்தாலும் பில் உங்களிடமே இருக்கட்டும். பிரிக்காத பெட்டியைப் பில்லோடு கொண்டுபோனால் பல கடைகளில் பணம் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் சேரலாம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், கேன்சர் சிகிச்சைகளும் அடக்கம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துவிடலாம். வருமானச் சான்று வாங்கத்தான் சில நாள் பிடிக்கும். வருமானம் கூடுதல் என்றாலும் அரசு ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை உண்டு. இதையெல்லாம் நீங்களே அலைந்து முடித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். பணக் கஷ்டத்தில் இருக்கும் நிஜ நோயாளி உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்.

கடனாகத்தான் கேட்கிறார், உங்களுக்கும் கொடுக்கத் தோன்றுகிறது என்றால் வங்கி வழியாக அனுப்பி, புரோநோட்டு எழுதி வாங்குங்கள். நகையை அடகு வைக்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரிலேயே வையுங்கள். அவர் பெயரில் வைத்தால் மீட்கும் உரிமை அவருக்கு. வீடு, நிலம் பக்கம் பேச்சு போனால் உடனே நிறுத்துங்கள். "சாகறதுக்குள்ள என் பிள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அழுததில் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த பெரியவர்கள் உண்டு. பதிவான செட்டில்மெண்டை மாற்ற நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஏதாவது எழுதிவிட்டார்களா என்ற சந்தேகம் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள்.

இணையத்தில் அவர் பெயரில் நன்கொடை திரட்டுகிறார்கள் என்றால், உறுதியாகத் தெரியும்வரை அந்த இணைப்பை நீங்கள் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் பெயரை நம்பித்தான் உங்கள் நண்பர்கள் பணம் போடுவார்கள்.

8. உட்கார்ந்து பேசுவது

மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஒரு காகிதமும் வரவில்லை, ஒருவரையும் கூட்டிப்போகவில்லை என்றால் பேசித்தான் ஆக வேண்டும். பஞ்சாயத்து கூட்டாதீர்கள். இரண்டே பேர் போதும். ஒருவர் அவர் மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். விசேஷ வீடு, துக்க வீடு, குடித்திருக்கும் நேரம் வேண்டாம்.

"நீ பொய் சொல்ற" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். எங்கள் மாமா கேட்டது இவ்வளவுதான்: "உனக்கு வேற ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லுடா. நோய்னு சொன்னாத்தான் நாங்க உதவுவோம்னு இல்ல." ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகுதான் ஆன்லைன் ரம்மி, அதை அடைக்க வாங்கிய லோன் ஆப் கடன், அதை அடைக்க வாங்கிய கந்துவட்டி என்று வரிசையாக வந்தது. கேன்சர் இல்லை.

எல்லா இடத்திலும் கடன்தான் காரணம் என்று இல்லை. பணமே கேட்காமல், கவனிப்புக்காக மட்டும் நோய் சொல்கிறவர்கள் உண்டு. மனநல மருத்துவத்தில் இதைத் தனி ஒரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஊசி, ஆபரேஷன் வரைக்கும் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அவரைத் திட்டித் திருத்த முடியாது, மனநல மருத்துவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு.

பொய் உடைந்த அன்று இரவு அவரைத் தனியாக விடாதீர்கள். கடனும் அவமானமும் சேர்ந்து தாக்கும் நேரம் அது. யாராவது கூடப் படுத்துக்கொள்ளுங்கள். உயிரை விடுவதாகப் பேசினால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (அரசு சுகாதார உதவி எண்) இரண்டும் இலவச எண்கள், எந்நேரமும் பேசலாம். "இனி காசு தரலைன்னா செத்துருவேன்" என்பது மிரட்டலாகத் தோன்றினாலும் செய்ய வேண்டியது அதேதான்: ஆளைக் காப்பாற்றுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

9. சட்டப்படி போவது என்றால்

எல்லாருக்கும் இந்தப் படி தேவைப்படாது. வெளியாட்களிடம் வசூல் செய்திருந்தாலோ, பெரிய தொகை என்றாலோ, சொத்தை எழுதி வாங்கியிருந்தாலோ யோசியுங்கள்.

ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவில் வரும். ஏழு வருடம் வரை தண்டனை. போலி ரிப்போர்ட் தயாரித்திருந்தால் 336ஆவது பிரிவும் சேரும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தது என்றால் பழைய 420தான். ஸ்டேஷனில் குடும்பப் பணத் தகராறு என்று உடனே எஃப்ஐஆர் போட யோசிப்பார்கள். முதலில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, தருவார்கள். அதை வாங்காமல் திரும்பாதீர்கள். புகாரோடு உங்கள் நோட்டின் சுருக்கம், வங்கி ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்ஆப் அச்சுகள், அவர் கொடுத்த ரிப்போர்ட் நகல் எல்லாம் வையுங்கள். ஆஸ்பத்திரியிடம் போலீஸ் கேட்டால் பதில் வரும். உங்களுக்குக் கிடைக்காதது அவர்களுக்குக் கிடைக்கும். இணையத்தில் நன்கொடை வசூலித்து உங்களை ஏமாற்றியிருந்தால் 1930 சைபர் எண்ணிலும் புகார் சொல்லலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

பணத்தைத் திரும்ப வாங்க சிவில் வழக்கு தனி. கொடுத்த கடனுக்கு மூன்று வருடக் கெடு. மோசடி என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து கெடுவைக் கணக்கிட சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் வழக்குத் தொகையில் 3 சதவீதம், வக்கீல் ஃபீஸ் வேறு. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. கையில் ஒன்றுமே இல்லாத ஆள் மீது வழக்குப் போட்டு ஜெயித்தாலும் வசூலிக்க எதுவும் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. கடனை ஒப்புக்கொண்டு புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். மாதாமாதம் கொஞ்சம் வருகிறது, சில மாதம் வருவதில்லை.

10. நோய் உண்மை என்று தெரிந்தால்

அப்படியும் முடியலாம், அப்படித்தான் முடிய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும் விசித்திரமும் நடக்கும். நோட்டைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டதை அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அவருக்கு இன்னொரு பாரம் ஏற்ற வேண்டாம். யாரும் வெளியே சொல்லாததால் அவருக்குத் தெரியவே போவதில்லை.

ஆறாவது, ஏழாவது படிகளை மட்டும் நிறுத்தாதீர்கள். காப்பீட்டுப் பதிவு, கூடப் போக ஆள் முறை, ரத்தம் கொடுக்க ஆட்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். குணமாகும் கட்டம் தாண்டிவிட்டது என்றால் வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள். மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து வாங்க வேண்டும், யார் வந்து வாங்கலாம் என்பதை முதல் தடவையே கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.